தம்பி போட்ட ஈர்க்குக் கணக்கு

என் தம்பி எனக்கு முதலில் வீடு கட்டிக் காட்டியது கோலமாவில்தான். பங்குனி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்கிறேன். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தவன், என் கையிலிருந்த மாவு டப்பாவை வாங்கிக்கொண்டான். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காதில் சொருகிய பென்சில். குனிந்து ஒரு கோடு இழுத்தான். நூல் பிடித்ததுபோல் நேராகப் போய் நின்றது. அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. கொஞ்ச நேரத்தில் என் வாசலில் ஒரு வீடு மல்லாந்து படுத்திருந்தது. இது கூடம், இது அடுப்படி, இது நீ படுக்கிற இடம், பின்னால் கக்கூசு என்று கால் பெருவிரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னான். நான் ஆசையாகக் கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்து பார்த்தேன்.

"அக்கா, அது செவுரு. செவுத்துல பூந்து போறியே. வழி இந்தப் பக்கம்" என்றான்.

"இல்லாத செவுரு எனக்கு எப்புடிடா தெரியும்?"

"மேஸ்திரி கண்ணுக்குத் தெரியும். நீ மேஸ்திரி அக்காதானே, உனக்கும் தெரியணும்."

தெருவில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மேஸ்திரி அக்கா என்று. எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் ஊர் குடவாசலிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையை ஒட்டி இருக்கிறது. நாங்கள் வீடு கட்டின காலத்தில் ரோட்டிலிருந்து படியேறித்தான் உள்ளே வரவேண்டும். அதன்பிறகு ரோடு போட வருகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே கொட்டிக் கொட்டிப் போனார்கள். ரோடு உயர உயர என் வீடு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ரோட்டிலிருந்து படியிறங்கி வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தெருத் தண்ணீர் எல்லாம் என் கூடத்துக்குத்தான் விருந்து வரும். கட்டில் மேல் அடுப்பை ஏற்றி வைத்துச் சோறாக்கியிருக்கிறேன். மேலே ஓடு. மயில் வந்து இறங்கினால் பார்க்கிறவர்களுக்கு அழகு. ஓடு உடைந்து ஒழுக ஒழுக, அதன் கீழே பாத்திரம் மாற்றி மாற்றி வைக்கிறவளுக்குத்தான் அதன் அழகு தெரியும்.

என் மகன் பூதலூரில் வாத்தியாராக இருக்கிறான். என்னோடு வந்துவிடு, இந்தப் பள்ளத்தில் ஏன் கிடக்கிறாய் என்று வருகிறபோதெல்லாம் சொல்லுவான். நல்ல பிள்ளை, மருமகளும் நல்லவள். ஆனால் இன்னொருத்தி வாசலில் நான் தண்ணீர் தெளிக்கமாட்டேன். இருக்கிற வீட்டையே சரிசெய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தரையை ரோட்டுக்கு மேலே உயர்த்த வேண்டும். உடைந்த ஓட்டையும் அதைத் தாங்குகிற, இற்றுப்போன பனங்கைகளையும் மாற்றவேண்டும். பின்னால் ஒரு கக்கூசு. அவ்வளவுதான். வீடு வீடாகவே நிற்கவேண்டும்.

செலவுக் கணக்கை என் தம்பி பேப்பரில் போடவில்லை. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எண்கள் நீளமாகப் போனால் கண் கலங்கிவிடும். அது அவனுக்குத் தெரியும். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவினான். வாசல் மண்ணில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தான். இந்த நீட்டு ஈர்க்கு சிமெண்டு, மணல். இது செங்கல். இது ஆள் கூலி. இந்தக் குட்டை ஈர்க்கு கதவுக்குப் பூட்டு, பெயிண்டு, சில்லறை. எதிர்ப்பக்கம் என் ஈர்க்குகள் நின்றன: சம்பா நெல் போட்ட பணம், சீட்டு எடுத்தது, ஆடு விற்றது. இரண்டு வரிசையும் சம உயரத்தில் நிற்கவேண்டும், அதுதான் அவன் கணக்கு. கக்கூசுக்குள் ஓடு பதிக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டால், பெயிண்டு ஈர்க்கில் ஒரு துண்டை ஒடித்துக் கக்கூசு ஈர்க்கோடு சேர்த்துவிடுவான். "ஓடுன்னா பெயிண்டு கெடையாது. பெயிண்டுன்னா ஓடு கெடையாது. எதுல வழுக்கி விழணும்னு நீயே முடிவு பண்ணிக்க" என்பான். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு அந்த ஈர்க்குகளை ஒடிப்பதும் சேர்ப்பதுமாக எத்தனையோ சாயங்காலங்கள் உட்கார்ந்திருந்தோம். படித்தவர்கள் போடுகிற எஸ்டிமேட் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது.

அவனுக்கு ஒரு ஈர்க்கு வேண்டாமா, மேஸ்திரிக் கூலி என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "அக்காகிட்ட கூலி வாங்கித் திங்கிறவனா நான்?" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எங்கள் அம்மா காய்ச்சலில் போனபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். நான் நடவுக்குப் போகும்போது அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவேன். வரப்பில் இருக்கிற மரத்தில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் போட்டுவிட்டு வயலில் இறங்குவேன். கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தான். என் புருஷன் ஒரு சொல் முகம் சுளித்ததில்லை. ஒரு மேஸ்திரியிடம் கொண்டுபோய்த் தொழிலுக்கு விட்டவரும் அவர்தான். எனக்குப் பிறந்த வீடு என்று ஒரு கூரை கிடையாது. அது எப்போதோ மழையில் கரைந்துவிட்டது. என் தம்பிதான் என் பிறந்த வீடு. பிறந்த வீட்டு ஆளிடம் போய், இதை எவ்வளவுக்கு வாங்கினாய், அதை எங்கே வைத்தாய் என்று எங்கள் பெண்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் நம்மை நாமே அநாதை என்று சொல்லிக்கொண்டதாக அர்த்தம்.

இனி உத்தரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் கூடத்தின் குறுக்கே, கூரைச் சுமையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒரு தேக்கு உத்தரம் கிடந்தது. எங்கள் தெருவில் வேறு எவர் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. என் மாமனார், அவருக்கு முன்னால் அவர் அப்பா, எல்லோரும் வேலை பார்த்த பண்ணைக்காரர் வீட்டு உத்தரம் அது. அந்த வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டு மெட்ராசுக்குப் போனபோது வீட்டை இடித்து மரங்களை ஏலம் விட்டார்கள். என் புருஷன் உழவு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டு அந்த உத்தரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அப்போது நாங்கள் இருந்தது கீற்றுக் குடிசை. பார வண்டியில் அது வந்து இறங்கியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. குடிசையை வித்து உத்தரம் வாங்கினானா, உத்தரத்துக்குள்ள குடியிருக்கப் போறானா என்று கேலி செய்தார்கள். அவர் அதைக் கொல்லையில் கல் வைத்து அதன் மேல் ஏற்றி, கீற்றுப் போட்டு மூடிவைத்தார். பிறகு வருஷக்கணக்காகச் செங்கல் சேர்த்து, சுவர் எழுப்பி, அதன் கீழே எங்களைக் குடிவைத்தார். ஊரில் எல்லோரும் வீடு கட்டி உத்தரம் போடுவார்கள். நாங்கள் உத்தரத்துக்காக ஒரு வீடு கட்டினோம்.

அந்தப் பண்ணை வீட்டுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. கொல்லைப் பக்கமாகப் போய், மாட்டுக்கொட்டகையைக் கூட்டி, சாணி தட்டிவிட்டு அதே வழியாக வந்துவிடுவேன். அந்த வீட்டு உத்தரம் என் தலைக்கு மேலே கிடந்தது. படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் அது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு தூங்குகிற சுகம் எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அவர் இருந்தவரை தீபாவளிக்குத் தீபாவளி வேப்பெண்ணெயைத் துணியில் நனைத்து ஏணி போட்டு ஏறித் தடவுவார். அவர் போனபின் அதை யாரும் செய்யவில்லை.

ஈர்க்குக் கணக்கெல்லாம் முடிந்து, வேலை ஆரம்பிக்கிற சமயம். என் தம்பி ஏணி வைத்து ஏறினான். சாந்து பூசுகிற கரணையின் காம்பால் உத்தரத்தைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மறுபடியும் தட்டினான். கீழே இறங்கி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கை நிறைய மஞ்சள் நிறத்தில் மாவு மாதிரி மரத்தூள்.

"உளுத்துப் போச்சுக்கா. மேல பாத்தா தெரியாது. உள்ள சல்லடை."

"தேக்குடா அது."

"தேக்குன்னு சொல்லி மாமா தலையில கட்டிட்டானுவோ. ஏலத்துல எவன் நல்ல மரத்த வெளிய விடுவான்? நல்லதையெல்லாம் அவுங்களே லாரியில ஏத்தியிருப்பானுவோ."

நான் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தூளை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். உத்தரம் நன்றாக இருந்தால் பனங்கையை மாற்றி ஓடு போட்டுவிடலாம், இனி இதை நம்பி ஓடு ஏற்றினால் ஒருநாள் உன் மேலேயே விழும், மொத்தமாகப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுவதுதான் வழி என்று நிதானமாகச் சொன்னான். மண்ணில் குத்தியிருந்த ஈர்க்குகளையெல்லாம் பிடுங்கினான். புதிதாக ஒன்று நட்டான். அது மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது. அதற்கு ஈடுகட்ட கக்கூசு ஈர்க்கு ஒடிந்தது, பூச்சு ஈர்க்கு ஒடிந்தது, வாசலுக்கு நான் பிறகு ஆசைப்பட்ட சாய்ப்பு ஈர்க்கும் ஒடிந்தது. என் பக்கத்து வரிசையில் நான் ஒரு மோதிரத்தைச் சேர்த்தேன். அப்போதும் வரிசை சமமாக நிற்கவில்லை. "பாத்துக்கலாம்கா, நான் இருக்கேன்ல" என்றான்.

கூரை பிரிக்கிற நாள் குறித்தபோது இன்னொன்று சொன்னான். முகடு பிரிக்கும்போது வீட்டுப் பொம்பளை கிட்டே நிற்கக்கூடாது, அது எங்கள் தொழிலில் ஆகாது, நீ பூதலூருக்குப் போய் மகனோடு இருந்துவிட்டு வா என்றான். நான் அதற்குமுன் அப்படி ஒரு வழக்கத்தைக் கேட்டதில்லை. எத்தனையோ வீடு பிரிக்கும்போது, அந்தந்த வீட்டுப் பெண்கள் ஓடு வாங்கி அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் போனேன். மேஸ்திரி சொல்கிறான், தம்பி சொல்கிறான். இரண்டும் ஒரே ஆளாக இருக்கும்போது எதிர்த்து என்ன கேட்பது?

திரும்பி வந்தபோது நான்கு சுவரும் வானமும் இருந்தன. ஓடு விற்ற பணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான், சில்லறை உட்பட. உத்தரம் எங்கே என்று கேட்டேன். இறக்கும்போதே இரண்டாக முறிந்துவிட்டது, செங்கல் காளவாய்க்கு விறகாகப் போட்டுவிட்டேன், வந்த காசு ஏற்றிப்போன வண்டிக் கூலிக்குத்தான் ஆயிற்று என்றான். சரி என்றேன்.

வேலையில் குறை சொல்ல மாட்டேன். தரையை நன்றாகவே உயர்த்தினான். அதன்பின் எந்த மழைக்கும் தண்ணீர் உள்ளே வந்ததில்லை. கான்கிரீட்டும் ஒழுகவில்லை. ஆனால் காசு அதோடு தீர்ந்துபோனது. சுவர்கள் பூச்சில்லாமல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. கக்கூசு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழியும் அதன் மேல் ஒரு தகரமும்தான். சித்திரை வெயிலில் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரி. அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாததாக இப்போது இருப்பது வேறு.

வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், ஏன் அந்த ஓட்டு வீட்டை இடித்தாய், ஜில்லென்று இருக்குமே என்று கேட்பார்கள். நான் சொல்லுவேன்: "அந்த மனுஷன் ஏமாந்து வாங்கிட்டு வந்துட்டாரு. உள்ளல்லாம் உளுத்த மரம். கட்டையக் காட்டி மாட்டப் புடுங்கிட்டானுவோ." சொந்தக்காரர்களிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னேன். அவர் திதிக்கு வந்து இலையில் உட்கார்ந்தவர்களிடமும் சொன்னேன். வாழ்நாளில் ஒரே ஒரு காரியத்தில் தலை நிமிர்ந்து நின்ற மனிதர். அந்தக் காரியத்தை நான் என் வாயாலேயே கேலிக்கதையாக்கி, எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். என் தம்பி அப்போதெல்லாம் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் வைகாசியில் அவன் திருவாரூரில் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோனான். பத்திரிகையோடு எனக்குப் புடவையும் எடுத்துக்கொண்டு வந்து, முதல் நாளே வந்துவிடவேண்டும் என்றான். போனேன். விடியற்காலை, பசுவும் கன்றும் உள்ளே போய் வந்தபிறகு, குத்துவிளக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அவன் மாமியார் பக்கத்து அம்மாள் ஒருத்தி, "சுமங்கலி யாராச்சும் மொதல்ல போவட்டுமே" என்று மெதுவாகச் சொன்னாள். என் காதிலும் விழுந்தது. நான் பின்வாங்கினேன்.

அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "என்ன தூக்கி வளத்தவ எங்கக்கா. அவ கால் பட்டப்பறந்தான் மத்தவங்க. புடிக்காதவங்க டிபன் சாப்புட்டுட்டு கெளம்பலாம்."

நான் விளக்கோடு, வலது காலை எடுத்து வைத்து, அந்த நிலைவாசலைத் தாண்டினேன். நல்ல அகலமான நிலை. மேலே கஜலட்சுமி செதுக்கியிருந்தது. பாலிஷ் போட்ட மரம் விளக்கு வெளிச்சத்தில் தேன் மாதிரி மின்னியது. உயிரோடு இருக்கிற காலத்தில் இனி எனக்கு இதற்குமேல் ஒரு மரியாதை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தது நிஜம்.

முதல் பந்தி முடிந்து, மரவேலை செய்த ஆசாரிக்கு வேட்டி துண்டு, தட்டு வைத்து மரியாதை செய்தார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வயசான மனிதர். சாப்பாடு நன்றாக இருந்த சந்தோஷத்தில் இருந்தார்.

"நெலையப் பாத்தீங்களாம்மா?" என்றார்.

"பாத்தேன். ரொம்ப லெச்சணமா பண்ணியிருக்கீங்க."

"நான் என்னத்தம்மா பண்ணுனேன். மரம் அப்புடி. உங்க வீட்டு உத்தரந்தானே. அறுக்கையில பட்டறை பூரா வாசம். எத்தினி வருசத்து மரம், ஒரு பொட்டு உளுக்கலியே. வாசல் நெலை, சாமி ரூம்பு கதவு, அலமாரி எல்லாம் அதுலயே வந்துட்டுது. இன்னிக்குத் தேதிக்கு இந்த மரம் கடையில கெடைக்காதும்மா."

அவர் என் முகத்தைக் கவனிக்காமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "மேஸ்திரி சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாரு. எங்கக்கா ஆசையா எனக்குக் குடுத்ததுன்னு. இந்தக் காலத்துல எந்தக் கூடப்பொறந்தவ குடுப்பா?"

நிமிர்ந்து பார்த்தேன். மோர் வாளியோடு என் தம்பி அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆசாரி என் பதிலுக்காக என்னைப் பார்த்தார். சுற்றி அவன் மாமியார் வீட்டு ஜனங்கள், அவன் வேலை செய்து கொடுத்த பெரிய வீட்டுக்காரர்கள், அவனுடைய ஆட்கள்.

"ஆமா. நாந்தான் குடுத்தேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்ததுண்டு. அவனைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொள்ளலாம். முழுக்க அது இல்லை. என் பிறந்த வீட்டு மானத்தை ஊரார் முன்னால் நான் எச்சில் இலை மாதிரி வீசமாட்டேன். அதோடு, ஏமாந்தவள் என்று என்னை ஒருத்தர் பரிதாபமாகப் பார்ப்பதைவிட, கொடுத்தவள் என்று பார்த்துவிட்டுப் போகட்டும். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தேன். வெளியே வர அந்த ஒரு வாசல்தான். அதைத் தொடாமல் தாண்டி வந்து பஸ் ஏறினேன். தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு யாரோ பின்னால் ஓடிவந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு போகும்போது ஒன்று ஒன்றாகப் புரிந்தது. என்னைப் பூதலூருக்கு அனுப்பியது. ஓடு விற்ற காசைச் சில்லறை விடாமல் எண்ணிக் கொடுத்தது. கூலி வேண்டாம் என்றது. குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள், வெளியே எல்லாம் பச்சையாக இருந்தது. எனக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. என் புருஷனுடைய முகம்தான் வந்துகொண்டிருந்தது. பார வண்டியின் மேல், உத்தரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு, தெரு சிரிக்கச் சிரிக்கத் தானும் சிரித்துக்கொண்டு வந்த முகம்.

அந்த ஆடி, ஆவணி எல்லாம் அவன் வரவில்லை. தை பிறக்கப்போகிற சமயம். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவளுக்குப் பொங்கல் வரிசை கொண்டுவருவது உயிர் இருக்கிறவரை விடாத வழக்கம். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. போகிக்கு முதல் நாள் வந்து, எல்லாவற்றையும் வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு நின்றான். இளைத்திருந்தான். சர்க்கரை வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அவனும் செருப்பைக் கழற்றவில்லை.

"அந்தத் தூள எங்கேருந்துடா எடுத்த?" என்று கேட்டேன்.

"எந்தத் தூளு?"

"உள்ளங்கையில காட்டினியே."

சரிந்த கரும்பை எடுத்துச் சாய்த்து வைத்தான். "பனங்கைலேருந்து. அது நெசமாவே உளுத்துப் போயிருந்துதுக்கா."

"உத்தரம்?"

செருப்பு நுனியால் மண்ணைக் கீறினான். பிறகு, "நான் கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?" என்றான்.

"மாட்டேன்."

"அதான்" என்றான்.

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான். உனக்குப்பின் உன் மகன் அதைப் பழைய மரக்கடைக்குத்தான் போட்டிருப்பான், அவனுக்கு அதன் அருமை தெரியாது, என் வீட்டில் அது தலைமுறைக்கும் நிற்கும், ஊர் ஊராக வீடு கட்டிக் கொடுத்தவன் என் வீட்டுக்கு ஒரு நல்ல நிலை வைக்க ஆசைப்பட்டது தப்பா என்று கேட்டுக்கொண்டே போனான். அதில் ஒன்றிரண்டு உண்மையாகவும் இருக்கலாம். என் மகன் கான்கிரீட் வீட்டுக்குப் பழகிப்போன பிள்ளை.

"நான் செத்தப்பறம் அத எடுத்திருக்கலாமேடா" என்றேன். "இல்ல, ராவோட ராவா திருடிட்டுப் போயிருக்கலாம். உத்தரம் போச்சேன்னு அழுதுட்டுக் கெடந்திருப்பேன். உன் மாமாவ ஏமாளின்னு என் வாயால சொல்ல வச்சியே. அவரு திதியில சொன்னேன். நீ எலையில உக்காந்து பாயசம் குடிச்சிகிட்டுக் கேட்டுகிட்டிருந்த."

"அக்கா..."

"அவரு உன்னக் கொண்டுபோயித் தொழிலுக்கு விட்டாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பொங்கப்பானைக்கு மஞ்சள் என் கொல்லையிலேயே இருக்கிறது, கரும்பைக் கடிக்கப் பல் இல்லை, எடுத்துக்கொண்டு போ என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் கட்டினான். வெல்லம் கட்டின தாள் பிரிந்து கொஞ்சம் கீழே கொட்டியது. அதையும் குனிந்து பொறுக்கினான். கண்ணுக்கு முன்னால் அவ்வளவு பெரிய மனிதன் குனிந்து பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் விடு, இருக்கட்டும் என்ற சொல் வாயில் வரவில்லை.

அதன்பிறகும் தை தோறும் யாரிடமாவது வரிசை கொடுத்து அனுப்புகிறான். கொண்டுவருகிற ஆளுக்குச் சாப்பாடு போட்டு, வரிசையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இப்போது மகன் காசு கொடுத்துச் சுவருக்குப் பூச்சு வந்துவிட்டது, கக்கூசும் வந்துவிட்டது, ஓடு பதித்தே. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் வெள்ளையடித்த கான்கிரீட். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. திதிக்கு வருகிறவர்களிடம் இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். அது நல்ல மரம், அசல் தேக்கு, அவர் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தது என்று. பின்னே ஏன் பிரித்தாய் என்று கேட்கிறார்கள். தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறேன். கேட்கிறவர்கள் என்னைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குத் தினமும் விழுங்குகிற கசப்பு மாத்திரைபோல.

போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். மகன் வந்து கூட இருந்தான். கஞ்சி வைத்து ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. எங்கள் வழக்கத்தில் ஒரு பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வரவேண்டும். கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துகிற அந்தத் துணி மேலே விழாமல் தூக்கமாட்டார்கள். எத்தனை சண்டை இருந்தாலும் அன்றைக்கு அவன் வந்தே தீருவான். வராவிட்டால் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்கள். அவள் ஒரு வீட்டில் பிறந்தவள், கேட்பாரற்று வந்தவள் இல்லை என்பதற்கு அதுதான் கடைசிச் சாட்சி.

"எனக்கு ஆச்சுன்னா உன் மாமா வருவான்" என்றேன்.

"ஏம்மா இப்ப அதெல்லாம். கஞ்சியக் குடி."

"சொல்றதக் கேளு. வந்தா மரியாதையா வான்னு சொல்லு. நாற்காலி போடு. அவனுக்குச் சக்கரை, பசி தாங்க மாட்டான், காப்பித்தண்ணி சக்கரை இல்லாம குடு."

"சரி."

"கோடி கொண்டாருவான். கைநீட்டி வாங்கிக்க."

"சரிம்மா."

"வாங்கி ஓரமா வச்சிடு. என் மேல போத்தாத."

அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "ஊர்ல கேப்பாங்களேம்மா" என்றான்.

"கேட்டா, அவன் குடுத்ததெல்லாம் அவ ஏற்கெனவே வாங்கிட்டான்னு சொல்லு" என்றேன். நான் கஞ்சியை வாங்கிக் குடித்தேன்.